கடலும் ஏரியும் உள்ள புதுச்சேரி: குடும்பத்தோடு முதன்முறை வருபவர்களுக்கு

புதுச்சேரிக்கு முதன்முறையாகக் குடும்பத்தோடு வருகிறவர்களில் பலர் காலை பத்து மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கி, பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு, வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் நேராகக் கடற்கரைச் சாலைக்குப் போகிறார்கள். அந்த நேரத்தில் அங்கே வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும். கரையோரக் கருங்கற்கள் கொதிக்கும். பெரியவர்கள் உட்கார நிழல் கிடைக்காது. குழந்தைகள் சிணுங்கத் தொடங்க, சிறிது நேரத்தில் எல்லோரும் களைத்துப்போய், கடைவீதியில் எதையாவது வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிடுவார்கள். பார்க்கும் வரிசையைச் சற்று மாற்றிக்கொண்டால் இந்தச் சோர்வு முழுவதையும் தவிர்த்துவிடலாம்.

கிழக்கே வங்கக் கடல், மேற்கே ஊசுட்டேரி. இரண்டுக்கும் நடுவில் ஊர். இந்த அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டு கதிரவனின் போக்கை ஒட்டி நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். விடியலில் கடல், நடுப்பகலில் கூரையும் மரநிழலும், மாலையில் ஏரி என்பதே குழந்தைகளும் முதியவர்களும் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தும் வரிசை. ஏரியை விட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் ஊரின் பாதியைப் பார்க்காமல் போகிறார்கள் என்றே நான் கருதுகிறேன். கீழே உள்ளது இரண்டு இரவுகள் தங்கக்கூடியவர்களுக்கான வழிமுறை. ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்கள் கடற்கரைச் சாலை, ஏரி ஆகிய இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

எந்த மாதத்தில் வருவது

டிசம்பர் பிற்பாதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை உள்ள காலம் எல்லா வகையிலும் ஏற்றது. மழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியிருக்கும்; வலசைப் பறவைகள் வந்து இறங்கியிருக்கும்; பகலிலும் நடக்க முடியும். அக்டோபர், நவம்பர் மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகிலேயே கரையேறி நகரின் பல பகுதிகளை வெள்ளத்தில் மூழ்கடித்தது. ஆகவே அந்த மாதங்களில் பயணம் வைத்திருப்பவர்கள் புறப்படுவதற்கு முந்தைய இரண்டு நாள்களிலும் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். மே மாதத்தில் பள்ளி விடுமுறை என்பதால் கூட்டம் வரும். ஆனால் வெயில் குழந்தைகளுக்குத் தாங்காது. வேறு வழியில்லாமல் மே மாதத்தில் வருகிறவர்கள் காலை ஒன்பது மணிக்குள் ஒரு சுற்று, மாலை நாலரைக்கு மேல் ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாதத்தைவிடக் கிழமை இன்னும் முக்கியமானது. சனி, ஞாயிறுகளில் சென்னை, பெங்களூர்ப் பக்கங்களிலிருந்து வரும் கார்களால், கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் வீதிகளில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. விடுதி வாடகையும் கூடும். செவ்வாய் முதல் வியாழன் வரையிலான நாள்களில் அதே வீதிகளில் குழந்தையின் கையை விட்டுவிட்டு நடக்கலாம். திங்கட்கிழமை அரசு அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆங்கிலப் புத்தாண்டு இரவு குடும்பத்தினர் வர ஏற்றதன்று. ஆனால் மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்றுப்பட்டு ஊர்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கும் காட்சிக்காகக் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னையிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவும், திண்டிவனம் வழியாகவும் பேருந்துகள் உண்டு. தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ரயிலில் வருகிறவர்கள் விழுப்புரம் சந்திப்பில் இறங்கினால், அங்கிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். ரயிலும் பேருந்தும் கிடைக்கும். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை 1879இல் போடப்பட்டது. இன்றும் அது புதுச்சேரியோடு முடிந்துவிடும் கிளைப் பாதைதான். ஆதலால் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற அச்சம் முதியவர்களுக்கு வேண்டியதில்லை. ரயில் நிலையம் ஊரின் தென்பகுதியிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் எதிர்ப்பக்கம் திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா; அங்கிருந்து கடற்கரை நடக்கும் தூரம்தான்.

ஆட்டோக்களில் மீட்டர் போட்டு ஓட்டும் வழக்கம் இங்கே இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன்பே எத்தனை பேர், எங்கே, காத்திருக்க வேண்டுமா என்பதையெல்லாம் சொல்லித் தொகையைப் பேசி முடித்துவிட வேண்டும். பேருந்து நிலையத்தின் வாசலில் கேட்கும் தொகைக்கும், நூறடி தள்ளி வந்து கேட்கும் தொகைக்கும் வித்தியாசம் இருக்கும். முக்கியச் சாலைகளில் ஆள் ஏற்றிச் செல்லும் டெம்போக்கள் மலிவானவை. ஆனால் பெட்டிகளோடும் கைக்குழந்தையோடும் ஏற அவை வசதிப்படா.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, முதியவர்கள் உடன் வந்தால் கடற்கரைச் சாலைக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். காலையிலும் இரவிலும் வண்டி தேட வேண்டிய தொல்லை இராது. ஒயிட் டவுனுக்குள் வாடகை அதிகம் என்றால், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள வீதிகளில் அதே நடைதூரத்தில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். அரவிந்தர் ஆசிரமத்தார் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் தூய்மையானவை, அமைதியானவை. ஆனால் இரவில் வாயிற்கதவு மூடும் நேரம் உண்டு, புகைக்கும் மதுவுக்கும் இடமில்லை. குடும்பங்களுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் நன்மையாகவே அமைகின்றன. முன்கூட்டியே எழுதிக் கேட்டு இடம் பிடித்துவிடுங்கள். பெரியவர்கள் அனைவரின் அடையாள அட்டைகளும் அசலாகவே கையில் இருக்கட்டும்.

முதல் நாள் மாலை: கடற்கரைச் சாலை

மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை ஏழரை மணி வரை கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே முதல் நாள் மாலை ஆறு மணிக்கு அங்கே போய்ச் சேருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கே பழைய சாராய ஆலைப் பக்கமிருந்து தெற்கே துய்ப்ளேக்ஸ் சிலை வரை ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் அடங்கும் இந்தச் சாலையில், குழந்தைகள் அஞ்சாமல் ஓடலாம். சக்கர நாற்காலியையும் எளிதாகத் தள்ளிச் செல்லலாம். நடுவில் காந்தி சிலை. அதைச் சூழ்ந்து நிற்கும் உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. எதிரே 1836 ஜூலை முதல் தேதி விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம். அதை ஒட்டிச் சற்றுத் தள்ளி, முதல் உலகப் போரில் உயிரிழந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னம்.

கடற்கரைச் சாலைக்கு வந்தவுடன் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, கடல் இருக்கிறது, மணல் எங்கே என்பதுதான். அதற்கு விடை சொல்ல வேண்டும். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்காக மணலைத் தள்ளிக்கொண்டே போகும். 1980களில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டப்பட்டபோது, வடக்கு நோக்கி வந்த மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே இருந்த கரையை அலை அரித்துக்கொண்டே போக, ஊரைக் காப்பதற்காகக் கருங்கற்களைக் கொட்டினார்கள். பின்னர் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டத்தின்படி தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்ட பிறகு, காந்தி சிலைக்கு வடக்கே கொஞ்சம் மணல் மீண்டும் சேர்ந்தது. அந்த மணலில் உட்காரலாம், காலை நனைக்கலாம். கருங்கற்களின் மேல் மட்டும் குழந்தைகளை ஏறவிடாதீர்கள். அலை படும் கற்களில் பச்சைப் பாசி படிந்து வழுக்கும்; கற்களுக்கு இடையிலான இடுக்கில் கால் சிக்கினால் எடுப்பது கடினம்.

இரவுச் சாப்பாட்டுக்குக் கடற்கரையை ஒட்டிய கடைகளை மட்டும் நம்ப வேண்டாம். வாய்க்காலைத் தாண்டி நேரு வீதிப் பக்கம் வந்தால் இட்லி, தோசை, இடியாப்பம் எல்லாம் நியாயமான விலையில் கிடைக்கும். நீளமான பிரெஞ்சு ரொட்டியை இங்கே பேக்கரிகளில் அன்றாடம் சுடுகிறார்கள். மறுநாள் விடியலில் பசிக்கும் பிள்ளைகளுக்காக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் காலை: வீதிகள்

சூரிய உதயத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பாகவே கடற்கரைக்கு வந்துவிடுங்கள். அந்த நேரத்துக் கூட்டம் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். நடைப்பயிற்சிக்கு வருகிற முதியவர்கள், சுக்குக் காபி விற்பவர்கள், தூரத்தில் கரை திரும்பும் படகுகள். ஏழரை மணிக்கு வண்டிகள் வரத் தொடங்கும்போது வீதிகளுக்குள் திரும்பிவிடலாம்.

மணக்குள விநாயகரை முதலில் தரிசித்துவிடுங்கள். கோயில் வாசலில் ஆசி வழங்கிவந்த யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று இறந்துவிட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு ஆவலோடு வரும் பிள்ளைகளிடம் வீட்டிலேயே சொல்லி அழைத்து வருவது நல்லது. அங்கிருந்து சில நிமிட நடையில் அரவிந்தர் ஆசிரமம். காலை எட்டு முதல் பன்னிரண்டு வரையும், பிற்பகல் இரண்டு முதல் ஆறு வரையும் உள்ளே போகலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. கைக்குழந்தை உள்ள குடும்பத்தினர் இரண்டு அணிகளாகப் பிரிந்து மாறி மாறிப் போய்வரலாம்.

பின்பு பாரதி பூங்காவுக்கு வாருங்கள். நடுவில் நிற்கும் வெள்ளை மண்டபத்தைப் புதுச்சேரி அரசின் சின்னமாகப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஆயி மண்டபம். தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற பெண்ணின் கதை இந்த ஊரில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் இந்த மண்டபம் எழுப்பப்பட்டது. தண்ணீருக்காகக் கட்டிய நினைவுச் சின்னத்தையே அரசின் அடையாளமாக வைத்துக்கொண்ட ஊர் இது. பிற்பகலில் ஏரிக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதை நினைவிருக்கட்டும்.

நடுப்பகல்: கூரைக்குக் கீழே

பத்து மணிக்கு மேல் வெயிலில் நிற்காதீர்கள். பாரதி பூங்காவை ஒட்டிய அரசு அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும், ரோமானியச் சாடிகளின் உடைந்த துண்டுகளும், சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன. பிள்ளைகள் விரும்பிப் பார்ப்பவை பல்லக்கும் பழைய வண்டிகளும். அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்து, இந்தக் கரைக்கும் ரோமுக்கும் நடந்த வணிகத்தை உலகறியச் செய்தார். இன்று அந்த இடத்துக்கே நேரில் போனால் மாந்தோப்புக்கு நடுவில் சில செங்கல் சுவர்கள்தான் தென்படும். ஆதலால் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அருங்காட்சியகமே போதும். வரலாற்றில் தனி ஈடுபாடு உள்ள பெரியவர்கள் மட்டும் அரியாங்குப்பம் வழியாகப் போய்ப் பார்க்கலாம்.

ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில்தான் இருந்தார். பாரதிதாசன் வாழ்ந்த வீடு பெருமாள் கோயில் வீதியில். இந்த இரண்டு வீடுகளும் தமிழர் வீதிகளுக்கே உரிய அமைப்பில், உள்ளே நுழைந்ததும் வெப்பம் குறைவது உடம்புக்குத் தெரியும். திண்ணையும் முற்றமும் எதற்காக இருந்தன என்பதை ஒரு பாடமும் இல்லாமல் பிள்ளைகள் அங்கே புரிந்துகொள்வார்கள். அதன்பின் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பி, எல்லோரும் கட்டாயம் ஒன்றரை மணி நேரம் படுத்துவிடுங்கள். பயணத்தின் மிச்ச நேரம் மகிழ்ச்சியாக இருப்பது இந்தத் தூக்கத்தைப் பொறுத்தது.

இரண்டாம் நாள் மாலை: ஊசுட்டேரி

மூன்றரை மணிக்கு அறையை விட்டுக் கிளம்புங்கள். ஊசுட்டேரி நகரிலிருந்து மேற்கே பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று மேல். வழுதாவூர் சாலையில் பத்துக்கண்ணு போகிற வழியில் இருக்கிறது. போகவர ஒரே ஆட்டோவையோ காரையோ காத்திருப்புத் தொகையோடு பேசிக்கொள்வதே நல்லது. இருட்டிய பிறகு ஏரிக்கரையில் வண்டி கிடைப்பது சிரமம்.

ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரியில் சுமார் பாதி புதுச்சேரியையும் மீதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தையும் சேர்ந்தது. புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது; தமிழகப் பகுதியும் பின்னர் அவ்வாறே ஆனது. சங்கராபரணி ஆற்று நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்கு வருகிறது. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் உண்டு என்பது வழக்கமான கணக்கு. அவற்றுள் பெரியது இதுவே.

நம் நாட்டு ஏரிகளைப் போலவே இதற்கும் நிலம் சரிகிற கிழக்குப் புறத்தில்தான் கரை. கரையில் நின்றால் தண்ணீர் நமக்கு மேற்கே விரிந்து கிடக்கும். மாலையில் கதிரவன் ஏரிக்குள் இறங்குவதை நேர் எதிரே பார்க்க முடிவது அதனால்தான். காலையில் கடலிலிருந்து எழுந்த அதே சூரியனை மாலையில் ஏரி விழுங்குவதைக் காட்டிவிட்டால், குழந்தைகள் இந்தப் பயணத்தில் வேறு எதை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்கள். பறவைகளின் நிறங்களைத் தெளிவாகப் பார்க்கவும் படம் எடுக்கவும் விரும்புகிறவர்கள் மட்டும் மாலைக்குப் பதிலாகக் காலை ஆறரைக்கு வர வேண்டும். அப்போது வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து பறவைகளின் மேல் விழும். மாலையில் அவை கருநிழல் உருவங்களாகத் தெரியும்.

வந்ததும் கரை நெடுக நடந்துவிடாமல் ஓரிடத்தில் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். பின்பு ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். கரும்புள்ளிகளாகக் கூட்டமாய் மிதப்பவை நாமக்கோழிகள்; நெற்றியில் வெள்ளைப் பட்டை இருக்கும். அவை எழும்பிப் பறப்பதற்கு முன் தண்ணீரின் மேல் கால்களால் அடித்துக்கொண்டே நெடுந்தூரம் ஓடும். அந்தச் சளசளப்பைக் கரையிலிருந்தே கேட்கலாம். கரையோரம் மிதக்கும் இலைகளைப் பார்த்தால் நீளவால் இலைக்கோழி தென்படக்கூடும். அதன் விரல்கள் உடம்பின் அளவுக்குப் பொருந்தாத நீளம் கொண்டவை. அந்த விரல்களை விரித்து எடையைப் பரப்பிக்கொள்வதால்தான் அல்லி இலை மூழ்காமல் அது நடக்கிறது. ஒரு இலையிலிருந்து மற்றொன்றுக்குக் காலெடுத்து வைக்கும்போது முந்தைய இலை மெல்ல மேலெழுவதைப் பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். பாம்புத்தாரா உடலை நீருக்குள் ஒளித்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். பார்ப்பவர் பாம்பென்றே நினைப்பார்கள். கூழைக்கடா, சங்குவளை நாரை, கரண்டிவாயன், ஊசிவால் வாத்து ஆகியவை நவம்பர் முதல் பிப்ரவரி வரை வந்தால் பார்க்கக் கிடைப்பவை. நீர் குறைந்து சேறு வெளிப்படும் காலத்தில் பூநாரைகளும் இறங்குவதுண்டு.

சரணாலயம் என்பதால் சில ஒழுங்குகள் வேண்டும். கைப்பேசியில் பாட்டு வைக்கக் கூடாது. பறவைகளுக்குப் பொரியோ ரொட்டியோ போடக் கூடாது. நொறுக்குத்தீனி உறைகளைக் காற்று ஏரிக்குள் கொண்டுபோய்விடும் என்பதால் உணவை வண்டியிலேயே முடித்துக்கொள்வது சிறந்தது. கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்று கரைச் சரிவில் இறங்காதீர்கள். வண்டல் சேறு முழங்கால் வரை இழுத்துக்கொள்ளும். படகுச் சவாரி நீர்மட்டத்தையும் பறவைகளின் பருவத்தையும் பொறுத்து நடக்கும், நிற்கும். ஆகவே படகு என்று குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இங்கே வராதீர்கள். அதற்கு மறுநாள் வேறு இடம் இருக்கிறது. மாலையில் கொசு அதிகம். முழுக்கைச் சட்டையும் ஒரு கைவிளக்கும் எடுத்து வாருங்கள். இரவல் வாங்கியாவது ஒரு தொலைநோக்கியைக் கொண்டு வந்தால் நல்லது.

திரும்பும் வழியைச் சற்று மாற்றி வில்லியனூர் வழியாக வந்தால், திருக்காமீசுவரர் கோயிலில் மாலை வழிபாட்டுக்கு நேரம் சரியாக இருக்கும். பெரிய குளத்தோடு கூடிய லூர்து மாதா திருத்தலமும் அதே ஊரில்தான்.

மூன்றாம் நாள் காலை: படகும் குளியலும்

கடலூர் சாலையில் எட்டுக் கிலோமீட்டர் போனால் சுண்ணாம்பாறு படகு குழாம். இங்கிருந்து ஆற்றின் வழியாகப் படகில் போய் முகத்துவாரத்துக்கு அருகில் உள்ள மணல் திட்டில் இறங்கலாம். பாரடைஸ் பீச் என்று சொல்வது இதைத்தான். படகுப் பயணம் ஏறத்தாழ இருபது நிமிடம். விடுமுறை நாள்களில் பத்து மணிக்கு மேல் வரிசை நீண்டுவிடும் என்பதால் திறக்கும் நேரத்துக்கே போய்ச் சீட்டு வாங்குங்கள். உயிர்காப்பு உடையைப் பிள்ளைகளுக்கு மாட்டிய பின், தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். உடை காதுவரை ஏறினால் அது அந்தக் குழந்தைக்குப் பெரியது, வேறு கேளுங்கள். திரும்பி வரும் கடைசிப் படகு எப்போது என்பதை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

பாரடைஸ் பீச்சில் இறங்கிக் குளிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் மணல் அடிக்கடி இடம் மாறும். இடுப்பளவு ஆழம் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் தலைக்கு மேல் போய்விடும். குளிக்க விரும்பும் குடும்பத்தினர் சின்ன வீராம்பட்டினத்தில் உள்ள ஈடன் கடற்கரைக்குப் போகலாம். தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு வழங்கப்படும் பன்னாட்டு நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற கடற்கரை அது. குளிக்கும் எல்லை குறிக்கப்பட்டிருக்கும், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், உடை மாற்றவும் கழிப்பறைக்கும் வசதி உண்டு. வடக்கே கோட்டக்குப்பத்தை அடுத்த செரினிட்டி பீச் அலைச்சறுக்கு விளையாடுவோருக்கு உரியது. அலையின் வேகம் குழந்தைகளுக்கு ஏற்றதன்று.

நம் கரையில் நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோவது அலையன்று, அலை திரும்பும் இழுவைதான். கரையில் கொட்டிய நீர் முழுவதும் ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது அந்த வழியில் நிற்பவரை உள்ளே இழுத்துச் செல்லும். கரையில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தால் அந்த வழியைக் கண்டுகொள்ளலாம்: இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், கலங்கலாகவோ கருத்தோ, அமைதியாகத் தெரியும். அலை இல்லை என்று நம்பிப் பெற்றோர் பிள்ளைகளை இறக்கிவிடுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான் என்பது நெஞ்சைச் சுடும் உண்மை. சிக்கிக்கொண்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் சிறிது தூரத்தில் இழுவையிலிருந்து விடுபட்டுவிடலாம். காப்பாற்றப் போகிறவரும் கயிறோ மிதவையோ இல்லாமல் குதிக்கக் கூடாது. பிள்ளைகள் முழங்கால் அளவு நீருக்கு மேல் போகக் கூடாது; ஒரு பெரியவர் குளிக்காமல், கைப்பேசி பார்க்காமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டும். இந்த முறையைக் குடும்பத்தினர் அனைவரும் விடுதியிலேயே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மது அருந்தியவர் எவரும் தண்ணீரில் இறங்குவதில்லை என்பதும் அதில் சேரட்டும்.

இன்னும் ஒரு நாள் கூடுதலாக இருந்தால்

வடக்கே ஆரோவில் சுமார் பத்துக் கிலோமீட்டர். 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட இந்நகரில், பார்வையாளர் மையத்திலிருந்து மரநிழலில் ஒரு கிலோமீட்டர் அளவு நடந்தால், பொன்னிறக் கோள வடிவத் தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து பார்க்கும் இடம் வரும். உள்ளே தியானக் கூடத்துக்குப் போக முன்பதிவு தேவை. பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை.

மேற்கே திருவக்கரையில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்து கல்லான மரங்கள் அங்கே திறந்தவெளியில் கிடக்கின்றன. மரத்தின் வரிகள் கல்லில் அப்படியே தெரியும். பௌர்ணமி அன்று வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும் என்பதால் பூங்காவுக்காக மட்டும் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்கலாம்.

தெற்கே போகிறவர்களுக்கு என் பரிந்துரை பாகூர். புதுச்சேரிப் பகுதியின் இரண்டாவது பெரிய ஏரி இங்கே இருக்கிறது. தென்பெண்ணை நீர் பங்காரு வாய்க்கால் வழியாக வந்து அதை நிரப்புகிறது. ஊருக்குள் சோழர் கல்வெட்டுகள் நிறைந்த மூலநாதர் கோயில். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் இவ்வூரில் இருந்த கல்விச்சாலைக்கு ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி செப்பேடுகளில் கிடைத்திருக்கிறது. கூட்டமே இல்லாத கோயிலும், நெல்வயலுக்கு நடுவில் ஏரிக்கரையும் வேண்டுமென்பவர்கள் அரை நாளை இங்கே செலவிடலாம். அங்கிருந்து கடலூர் அருகில்தான். தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையின் அகலமான மணலைப் பார்க்கும்போது, புதுச்சேரி இழந்தது என்ன என்பது விளங்கும்.

கைவசம் வைத்துக்கொள்ள வேண்டியவை

குழந்தையின் சட்டைப்பைக்குள் துண்டுச் சீட்டு வைப்பதைவிட, மணிக்கட்டின் உட்புறத்தில் பேனாவால் கைப்பேசி எண்ணை எழுதிவிடுவது பயனுள்ளது. சட்டையைக் கழற்றிக் குளிக்கும்போதும் எண் உடன் இருக்கும். கடற்கரைச் சாலையில் ஒருவரையொருவர் தவறவிட்டால் காந்தி சிலைக்கு வந்துவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரசுப் பொது மருத்துவமனை பாரதி பூங்காவுக்கு அருகிலேயே இருக்கிறது. ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்சுக்கு 108. முதியவர்களின் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து இரண்டு பேரின் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, மாற்று உடை, ஈரத்துணி போட ஒரு பை ஆகியவை எப்போதும் உடன் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஊரில் இருக்க நேர்ந்தால் மகாத்மா காந்தி சாலையில் கூடும் சண்டே மார்க்கெட்டில் துணிமணிகள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பிற்பகலில் அந்த வீதியில் நகர முடியாத நெரிசல். கைக்குழந்தை உள்ளவர்கள் காலையிலேயே போய்விட்டு வந்துவிட வேண்டும். அன்று மாலை நான்கு மணியிலிருந்து இரவு வரை சென்னை நோக்கிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். பேருந்துகளிலும் நின்றுகொண்டு வர நேரிடும். ஆகவே ஞாயிறன்று திரும்புகிறவர்கள் மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள், அல்லது முன்பதிவு செய்த ரயிலில் போங்கள். தெற்கே கடலூர், சிதம்பரம் பக்கம் போகிறவர்களுக்கு இந்த நெருக்கடி இல்லை. அவர்கள் இன்னொரு மாலையையும் கடற்கரைச் சாலையில் கழித்துவிட்டு நிதானமாகப் பேருந்து ஏறலாம்.